பெட்டிக்குள் சுழலும் விசிறி

விசிறி என்றதும் நம் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொன்று தோன்றும். பாட்டியின் தலைமாட்டில் கிடக்கும் பனையோலை விசிறி சிலருக்கு நினைவு வரும். திருவிழா நாளில் கோவிலுக்குள் ஆயிரம் பேருக்கு நடுவே நின்றுகொண்டு, கையில் கிடைத்த பாட்டுத்தாளையே விசிறியாக்கிக் கொள்வது சிலருக்கு நினைவு வரும். நம் வகுப்பறையிலோ, தலைக்கு மேலே 'கடக் கடக்' என்று ஆடிக்கொண்டே சுற்றும் பழைய சீலிங் ஃபேன் இருக்கவே இருக்கிறது. ஜூன் மாதத்தில் அதற்கு நேர் கீழே இடம்பிடிக்க நடக்கும் போட்டியை எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும்.

இவை எல்லாம் மனிதர்களுக்காகச் சுழல்பவை. இயந்திரத்துக்காகவே சுழலும் விசிறி ஒன்றும் உண்டு. கணிப்பொறியின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி, ஒரு கம்பி வலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து கணிப்பொறி அறைக்குப் போய்வரும் நாம், அதன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அதன் முதுகுப்புறத்தையும் பார்த்ததில்லை.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழம்மா கேட்டபோது, 'நேரத்தின் அருமை', 'நூலகத்தின் பயன்', 'என் எதிர்காலக் கனவு' ஆகியவற்றை மற்றத் தோழியர் முந்திக்கொண்டனர். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவைச் சேர்ந்த எங்கள் ஐவருக்கும் மிஞ்சியது இந்த விசிறிதான். ஆயினும் மிஞ்சியதை எடுத்துக்கொண்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம். சென்ற ஜூலை முதல் நவம்பர் வரை எங்கள் சனிக்கிழமைகளை எல்லாம் வாங்கிக்கொண்ட பொருள் இது.

நம் கணிப்பொறி அறையில் 12 பெட்டிகள் இருப்பது அனைவரும் அறிந்ததே. ஜூலையில் 3ஆம் எண் பெட்டி உயிரை விட்டது. ஆகஸ்டில் 5ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் அதைத் தொடர்ந்தன. செப்டம்பரில் எட்டாம் வகுப்புத் தங்கைகள் படம் வரைந்துகொண்டிருந்த வேளையில், 12ஆம் எண் பெட்டியிலிருந்து கருகிய வாசனை வந்தது. ஆசிரியை ஓடிச்சென்று சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார்கள். தங்கைகள் அனைவரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி அழுதாள்.

மறுநாள் கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பெட்டியையும் திறக்கவில்லை. "எல்லாம் பழசு, சிஸ்டர். பன்னிரண்டையும் மாற்றிவிடுவதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, மூன்று லட்சத்துக்கு மேல் கணக்கு எழுதிக் கொடுத்துச் சென்றார். அவ்வளவு பணம் ஒரே இடத்தில்தான் இருந்தது. போர்டிங்கில் புதிய தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணம் அது. எங்கள் ஐவரில் இருவர் போர்டிங் பிள்ளைகள். காலை நாலரை மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் சொல்லித்தான் மற்ற மூவருக்கும் தெரியும். மறுபக்கம், பிளஸ் டூ அக்காமார்களுக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. பெட்டிகள் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? தொட்டியா, தேர்வா என்று மதர் அவர்கள் இரண்டு வாரம் யோசித்தார்கள்.

எங்களில் ஒருத்தியின் தந்தை மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார், மிக்சி, சீலிங் ஃபேன் என்று எது எரிந்து வந்தாலும் காயில் கட்டிக் கொடுப்பவர். அவரை ஒருமுறை பார்க்கச் சொல்லலாமா என்று எங்கள் இயற்பியல் சிஸ்டர் மூலமாகக் கேட்டோம். மதர் சிரித்துவிட்டு, "முதலில் என்ன நோய் என்று பாருங்கள். கல்லறைக்குப் பிறகு இடம் தேடலாம்" என்று அனுமதி தந்தார்கள்.

இனி நாங்கள் கற்றதைச் சொல்கிறோம்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய அளவில் நேர்திசை மின்சாரம். யானைக்கு வைத்த கவளத்தை எறும்புக்குப் பங்கிட்டுக் கொடுப்பது போன்ற வேலை இது. இதைச் செய்யும் இரும்புப் பெட்டிக்குத்தான் எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். 15 சென்டிமீட்டர் அகலமும் 8.6 சென்டிமீட்டர் உயரமும் 14 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டது. ஏறத்தாழ நம் மதிய உணவு டப்பாக்கள் இரண்டை அடுக்கினாற்போல் இருக்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இதே அளவுதான். ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பின்பு உலகெங்கும் இதுவே வழக்கமாகிவிட்டது.

உள்ளே நுழைந்த 230 வோல்ட் முதலில் நேர்திசையாக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாக நிற்கிறது. (230ஐ 1.414ஆல் பெருக்கிப் பாருங்கள்.) பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. இவ்வளவு வேகமாக வெட்டுவதால் கைக்கடக்கமான சிறு டிரான்ஸ்பார்மரே போதுமானதாகிவிடுகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், எந்த மாற்றமும் இலவசமாக நடப்பதில்லை. நம் பழைய பெட்டிகளில் ஒன்று 120 வாட் மின்சாரம் கேட்கிறது என்று வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திறன் 75 விழுக்காடு என்றால், அது சுவரிலிருந்து 160 வாட் வாங்க வேண்டும். இடையில் காணாமற்போன 40 வாட் எங்கே? வெப்பமாக அந்த டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு 40 வாட் குண்டு பல்பை இரும்பு டப்பாவுக்குள் எரியவிட்டு மூடி வைத்தால் எப்படியோ, அப்படி. 2004ஆம் ஆண்டு '80 பிளஸ்' என்ற திட்டம் தொடங்கியபின், 80 விழுக்காட்டுக்கு மேல் திறன் உள்ள பெட்டிகளுக்கு முத்திரை இடுகிறார்கள். எங்கள் 12இல் ஒன்றிலும் அம்முத்திரை இல்லை.

அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் விசிறியின் வேலை. பழைய பெட்டிகளில் 8 சென்டிமீட்டர் விசிறி பின்பக்கம் இருந்து, உள்ளே உள்ள சூட்டுக் காற்றை வெளியே ஊதும். புதிய பெட்டிகளில் 12 சென்டிமீட்டர் விசிறி அடிப்பக்கம் படுத்துக்கொண்டு மேல்நோக்கிக் காற்றைச் செலுத்தும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று தருமாதலால் ஓசையும் குறைவு. சில பெட்டிகளில் சூட்டை அறியும் தெர்மிஸ்டர் என்ற சிறு உறுப்பு உண்டு. சூடு ஏற ஏற அது விசிறிக்கு அதிக வோல்ட் கொடுத்து விரட்டும். பாதி வேகத்தில் ஓடும் விசிறி பாதிக் காற்றைத் தரும். ஆனால் முழு வேகத்துக்கு வேண்டிய சக்தியில் எட்டில் ஒரு பங்குதான் அதற்கு வேண்டும். இந்தக் கணக்கை இயற்பியல் சிஸ்டர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை போடச் சொன்னோம்.

சனிக்கிழமை காலை. சிஸ்டரும் நாங்கள் ஐவருமாக மாமாவின் கடைக்குச் சென்றோம். கடை முழுவதும் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசனையும். உயிரற்ற நான்கு எஸ்.எம்.பி.எஸ்.களையும் மேசையில் வரிசையாக வைத்தார். திறப்பதற்கு முன் எங்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்.

"பிள்ளைகளா, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையை மட்டும் வைக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்தப் பெரிய கெப்பாசிட்டர் குடம் மாதிரி. குழாயை மூடினாலும் குடத்தில் தண்ணீர் நிற்கும்."

அப்படியே ஒன்றில் மீட்டரின் முனைகளை வைத்தார். பள்ளியில் பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் ஆகியும் அது 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்தேக்கியில் தேங்கியதை மெல்ல வடித்துவிடும் மின்தடை உள்ளே இருக்க வேண்டும்தான். ஆனால் அது வேலை செய்கிறதா என்பது வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? மாமா ஒரு பல்பை இணைத்து அதை வடித்த பின்னரே விசிறியைக் கழற்றினார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் எவளாவது ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சிஸ்டர் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கழற்றிய விசிறி உள்ளங்கையில் அடங்கியது. இறகுகள் ஏழு, அதைத் தாங்கும் சட்டத்தின் கைகளோ நான்கு. ஏன் இப்படி ஒட்டாத கணக்கு என்று கேட்டோம். இறகும் கையும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் எல்லா இறகுகளும் ஒரே நொடியில் கைகளைக் கடக்கும். அப்போது 'உய்ய்' என்ற கூவல் பெரிதாகக் கேட்கும். எண்ணிக்கை ஒட்டாமல் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும், ஓசை சிதறிவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்த மின்மோட்டாரில் காந்தம் வெளியே நிற்கும், கம்பிச்சுருள் உள்ளே சுழலும். சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கப் பிளவு வளையமும் அதை உரசிக்கொண்டிருக்கும் கார்பனும் வேண்டும். கார்பன் தேயும், பொறி பறக்கும். இந்த விசிறியில் எல்லாம் தலைகீழ். நான்கு கம்பிச்சுருள்கள் நடுவில் அசையாமல் நிற்கின்றன. இறகுகளின் நடுக்குமிழுக்குள் வளையல் போன்ற ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. சுருள்களைச் சுற்றி அதுதான் ஓடுகிறது. கார்பனும் இல்லை, பொறியும் இல்லை.

அப்படியானால், எந்த நேரத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது என்பதை யார் தீர்மானிப்பது? இங்கேதான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. சுருள்களின் அருகே நெல்மணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. தன் எதிரே காந்தத்தின் வடதுருவம் வந்திருக்கிறதா, தென்துருவம் வந்திருக்கிறதா என்பதை அது உணர்கிறது. துருவம் மாறியவுடன் சுருளில் மின்சாரத்தை மாற்றிவிடுகிறது. ஆகவே காந்தம் பிடிக்கப் பிடிக்க, பிடிபடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் பாயும் தகட்டின் மேல் காந்தப்புலம் பட்டால் அதன் குறுக்கே சிறிய மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1879ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால் கண்டுபிடித்தார். அன்றைக்கு மின்விளக்கே வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. தங்க மென்தகட்டில் அவர் கண்ட அந்தச் சிறு விளைவுதான் இன்று நம் கணிப்பொறி அறையில் 12 இடங்களில் விசிறிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறது. மின்சாரச் செலவைக் குறைக்கும் என்று இப்போது விளம்பரப்படுத்துகிறார்களே, பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன், அதுவும் இந்தக் கார்பன் இல்லாத மோட்டார் குடும்பந்தான்.

மாமா 12 வோல்ட் பேட்டரியில் ஒரு விசிறியை இணைத்தார், சுழன்றது. கம்பிகளை மாற்றி இணைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று எங்களில் நால்வர் பந்தயம் கட்டினோம். மாமாவின் மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாற்றி இணைத்தார், அது அசையவே இல்லை. பொம்மைக் காரின் மோட்டார் என்றால் திரும்பிச் சுற்றியிருக்கும். இதிலோ நடுவில் மின்னணுச் சில்லு இருப்பதால் அப்படிச் சுற்றாது. பாதுகாப்பு இல்லாத மட்டமான விசிறியாக இருந்தால் சில்லு எரிந்தும் போகலாமாம். "உன் வீட்டில் செய்து பார்க்காதே" என்று அதற்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

காந்தமும் கெடுவதில்லை, சுருளும் எளிதில் கெடுவதில்லை, கார்பனோ கிடையாது. பிறகு எது கெடுகிறது?

"அச்சாணிதான், பிள்ளைகளா. தேரானாலும் சரி, இந்தச் சுண்டைக்காய் ஆனாலும் சரி."

விசிறியின் நடுவே ஒட்டியிருந்த காகித லேபிளை உரித்தார். அதன் கீழே ஒரு சின்னக் குழி. அதற்குள் ஊசி முனை போன்ற எஃகுத் தண்டு. அந்தத் தண்டு ஒரு வெண்கலக் குழலுக்குள் சுழல்கிறது. கடைக்காரர்கள் இதைப் புஷ் என்கிறார்கள். பார்வைக்குத்தான் அது கெட்டி உலோகம். உண்மையில் வெண்கலப் பொடியை அச்சில் அழுத்திச் சூடேற்றிச் செய்தது. அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அத்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். மண்பானை தண்ணீரைக் கசியவிடுவதுபோல், சுழலும்போது சூட்டில் எண்ணெய் கசிந்து தண்டைச் சுற்றிப் படலமாக நிற்கும். நின்றதும் மீண்டும் துளைகளுக்குள் போய்விடும். தண்டும் குழலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையில் எண்ணெய் இருக்கும்வரை.

எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் மணிக்கு 1,50,000. நம் பள்ளியில் நாளொன்றுக்கு 6 மணி நேரமும் ஆண்டுக்கு 200 நாளும் ஓடினால் 1200 மணி நேரம். ஆக, ஆண்டுக்கு 18 கோடிச் சுற்று! நாம் யாரும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

எண்ணெய் மெல்ல மெல்ல ஆவியாகிறது. விசிறி நிற்கும் இடமே அடுப்பங்கரை போன்ற இடம். சூட்டுக் காற்றெல்லாம் அதன் மேலேதான் போகிறது. மீந்த எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகிறது. முதற்கட்ட நோய் மழைக்கால காலையில் தெரியும் என்றார் மாமா. சுவிட்சைப் போட்டதும் 'கர்ர்' என்ற ஓசை வரும். ஐந்து நிமிடத்தில் பசை இளகி ஓசை நின்றுவிடும். எல்லாரும் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடுவார்கள். சில மாதங்களில் ஓசை நிற்காமல் தொடரும். அதன்பின் குழல் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கும்; இறகுகளின் முனை சட்டத்தில் இடிக்கும். கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போட்டால் இறகு மெல்லத் துடிக்கும், சுற்றாது. சில நொடி கழித்து மறுபடியும் ஒரு துடிப்பு. சுற்ற முடியாதபோது சுருள் எரிந்துவிடாமல் இருக்க, சில்லு மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி முயன்று பார்க்கிறதாம். 9ஆம் எண் பெட்டியின் விசிறி எங்கள் கண்ணெதிரே பேட்டரியில் அப்படித்தான் துடித்தது. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டோம் என்றால் நகைக்காதீர்கள்.

நினைத்துப் பார்த்தால், அந்தக் 'கர்ர்' ஓசையை 9ஆம் எண்ணில் அமர்ந்த எல்லா வகுப்பாரும் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் 'கரகாட்டப் பெட்டி' என்று பெயர்கூட உண்டு. ஓசை நின்றபோது, "அப்பாடா!" என்று மகிழ்ந்தார்களாம். அந்த நிசப்தம்தான் மரணம் என்று யாருக்குத் தோன்றும்?

பால் பேரிங் வைத்த விசிறிகளும் உண்டு. இரு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும். சூட்டைத் தாங்கும்; நீண்ட நாள் உழைக்கும். கெடும்போதும் வெகுநாள் இரைந்து இரைந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கெடும். புஷ் வைத்தது விலை குறைவு, தொடக்கத்தில் ஓசையும் குறைவு. போகும்போது சட்டென்று போய்விடும். எண்ணெயைத் தண்டைச் சுற்றி வரிப்பள்ளங்களில் தேக்கிவைக்கும் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது, விலை கூடுதல். எங்களைக் கேட்டால் பள்ளிகளுக்கு இரைந்து சொல்லும் வகையே ஏற்றது என்போம்.

தையல் வகுப்பில் இருக்கிறதே மிஷின் எண்ணெய், அதை விட்டால் போதாதா என்று கேட்டோம். ஒரு துளி விட்டுக் காட்டினார். 3ஆம் எண்ணின் விசிறி முனகிக்கொண்டே எழுந்து ஓடியது. "இது கஞ்சி ஊற்றின கதை. சில வாரம் ஓடும். தேய்ந்த குழல் தேய்ந்ததுதான்" என்றார். தேங்காய் எண்ணெய் விடவே கூடாதாம். நாளடைவில் அதுவே பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் நாங்கள் அனைவரும் போர்டிங் தோழி ஒருத்தியின் பின்னலைப் பார்த்துச் சிரித்தோம்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு நோயும் உண்டு. தூத்துக்குடியில் கடற்காற்று வராத ஜன்னல் ஏது? உப்பளங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. நம் பெட்டிகளுக்குள் படிந்திருந்தது வெறுந்தூசி அன்று. சாக்பீஸ் தூளும் தலைமுடியும் துணிப்பஞ்சும் உப்பும் கலந்த ஒரு கம்பளி. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துப் போகும். மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியின் பக்கத்தில் உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படி ஈரமான உப்புக் கம்பளி உறுப்புகளின் கால்களை அரிக்கும். மின்சாரம் போகக்கூடாத வழியில் போகவும் இடங்கொடுக்கும்.

இன்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பெட்டிகளுக்கு அழகிய பூவேலை செய்த துணி உறைகள் இருக்கின்றன அல்லவா? பல ஆண்டுகளுக்கு முன் தையல் வகுப்பு அக்காமார் அன்போடு தைத்துக் கொடுத்தவை. தூசி படாமல் இருக்க உறை நல்லதுதான். ஆனால் வகுப்பு நேரத்தில் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, பின்பக்கத்தை அப்படியே தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. பின்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் யாரும் அங்கே கை நுழைப்பதில்லை. ஆக, வெளியேற வேண்டிய சூடு அழகிய ரோஜாப் பூக்களில் மோதித் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. இயற்பியல் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, தையல் சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தார்கள்.

விசிறி நின்றபின் என்ன நடக்கிறது? நல்ல பெட்டியாக இருந்தால் சூடு எல்லை மீறியதும் தானே அணைந்துவிடும். விலை குறைந்தவற்றில் அந்தக் காவல் இருப்பதில்லை. முதலில் துன்பப்படுவது மின்தேக்கி. அதற்குள் திரவம் உண்டு. சூட்டில் அது வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதிய மின்தேக்கி, 85 டிகிரியில் 8000 மணி நேரமும் 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் தாங்கும். ஒரு சிறு விசிறி நின்றதனால் 65 என்பது 85 ஆனால், நான்கில் மூன்று பங்கு ஆயுள் போயிற்று! அதன் தலையில் சிலுவைக்கோடு போலக் கீறிவைத்திருப்பார்கள். உள்ளே ஆவி பெருகினால் வெடிக்காமல் அந்தக் கோடு வழியே உப்பித் திறந்துகொள்வதற்காக. 12ஆம் எண் பெட்டியில் அப்படி மூன்று, புளித்த இட்லி மாவு போல உப்பி, பழுப்பாகக் கக்கியிருந்தன. எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்கு வந்த வாசனையின் பிறப்பிடம் அங்கேதான்.

விசிறி இல்லாமலே கணிப்பொறி செய்தால் என்ன என்று பெரியவர்களும் நினைத்திருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஆப்பிள் 3 என்ற கணிப்பொறியில் ஓசை கூடாது என்று விசிறியே வைக்கவில்லை. அலுமினிய அடிச்சட்டமே சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று எண்ணினார்கள். உள்ளே சில்லுகள் சூடேறித் தத்தம் இருக்கையை விட்டு எழும்பிவிட்டன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாங்கியவர்களுக்கு யோசனை சொல்லும்படி ஆயிற்று! அடுத்த ஆண்டு, 1981இல், ஐ.பி.எம். வெளியிட்ட கணிப்பொறியின் 63.5 வாட் மின்வழங்கியில் விசிறி இருந்தது. ஆப்பிளும் 1984இன் முதல் மேகிண்டோஷில் விசிறி வைக்காமல் இருந்து, 1987இல் மேகிண்டோஷ் எஸ்.இ.யில் வைத்துவிட்டது.

நம் நான்கு பெட்டிகளின் கதை இப்படி முடிந்தது. 3, 9 ஆகிய இரண்டிலும் கெட்டது விசிறி மட்டுமே. பால் பேரிங் வைத்த புது விசிறி போட்டார் மாமா. சில நூறு ரூபாய். கூலி வாங்க மறுத்துவிட்டார். மதர் ஒரு கேக் அனுப்பினார்கள். 12ஆம் எண்ணுக்குப் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கியாயிற்று. 5ஆம் எண் எழவில்லை. சாகும்போது மின்வழங்கி தவறான வோல்ட்டை அனுப்பித் தாய்ப்பலகையையும் கொண்டுபோய்விட்டது. அதில் இருந்த பழைய மாணவியர் முகவரிப் பட்டியல் மட்டும், வட்டு நல்ல நிலையில் இருந்ததால் தப்பித்தது.

பதினொரு பெட்டிகளில் பிளஸ் டூ அக்காமார் இப்போது பயிற்சி செய்கிறார்கள். போர்டிங் தொட்டிக்குக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். கடையிலிருந்து வந்தவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதையும் மறைப்பதற்கில்லை: பெட்டிகள் பழையவைதாம், சில ஆண்டுகளில் மாற்றத்தான் வேண்டும். மதரும் அதை அறிவார்கள்.

துணி உறைகளின் பின்பக்கத்தைத் தையல் சிஸ்டர் தாமே வெட்டிச் சன்னல் வைத்துத் தைத்துவிட்டார்கள்; ரோஜாப் பூக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டன. மேசைகள் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐவரும் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை ஒவ்வொரு பெட்டியின் பின்னும் பிடித்துப் பார்க்கிறோம். காற்று நன்றாக வந்தால் கீற்று கிடையாகப் பறக்கும். ஓசையையும் கேட்டு நோட்டில் குறிக்கிறோம். பொதுத்தேர்வுக்குப் பின் இந்த நோட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைக்க வேண்டும். சென்ற வாரம் 7ஆம் எண்ணில் கீற்று பாதிதான் எழுந்தது. காலையில் 'கர்ர்' என்றும் கேட்டது. ஒரு விசிறி வேண்டுமென்று சிஸ்டரிடம் சீட்டுக் கொடுத்திருக்கிறோம்.